ஒட்டிவிட்டுப் போன திருடன்

ஒரு செடி செத்துப்போனதை வைத்தே ஒரு மனிதர் இவ்வளவு உயரத்துக்குப் போக முடியும் என்பதைக் கொழுந்தனால் ஜீரணிக்க முடியவில்லை. காயவைத்த செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தின் வராந்தாச் சுவர் முழுக்கப் பேராசிரியரின் படங்கள்தான். ஓடைப் பெரணி என்ற செடி உலகத்திலிருந்தே அழிந்துவிட்டது என்று அறிவித்தபோது ஒரு படம். அப்படி அறிவித்ததற்காக விருது வாங்கியபோது ஒரு படம். ஆண்டுதோறும் நடக்கும் ஓடைப் பெரணி நினைவுச் சொற்பொழிவில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் படங்கள் வரிசையாக. வருஷா வருஷம் தலைமுடி குறைந்துகொண்டே போனது. அழுகை மட்டும் குறையவில்லை.

"அண்ணி, சொந்த மாமனார் செத்ததுக்குக்கூட இந்த ஆள் இவ்வளவு அழுதிருக்க மாட்டார்."

"மாமனார் செத்தா விருது தர மாட்டாங்க தம்பி. ஓரமா நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற."

அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கும் பிரிவில் இருந்தவள். மேலதிகாரியின் தம்பியையே பிடித்துக் கொடுத்த பிறகு அங்கே இருக்க முடியாமல், சொந்தமாகத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்துவிட்டாள். கணவனின் தம்பி மூன்று வேலைகளை விட்டுவிட்டு வீட்டு சோபாவில் நிரந்தரமாகக் குடியேறியிருந்ததால், அவனை எழுப்பி உதவியாளனாக்கினாள். அவன் விசிட்டிங் கார்டில் 'முதன்மை உதவியாளர்' என்று போட்டுக்கொண்டான். வேறு உதவியாளர் யாரும் கிடையாது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த காப்பாளர்தான் வழக்கைக் கொண்டுவந்த கட்சிக்காரர். நாற்பதை நெருங்கும் பெண்மணி. மடியில் வைத்திருந்த கைப்பையை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பதினேழு வருஷமாக இந்த ஹெர்பேரியத்தைக் கட்டிக் காத்தவர். இப்போது சஸ்பெண்ட் ஆகி, அதன் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்ற உத்தரவோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அண்ணி. "இவன் முதல் தடவை சொன்னப்போ தூங்கிட்டான்."

"கண்ணை மூடிக் கவனிச்சேன்" என்றான் கொழுந்தன்.

காப்பாளர் சொன்னார். மலையேறுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர், ஏதோ ஒரு பள்ளத்தாக்கின் ஓடைக்கரையிலிருந்து ஒரு பெரணியைப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். காப்பாளர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அழிந்துபோனதாகப் பேராசிரியர் அழுதுகொண்டிருந்த அதே ஓடைப் பெரணி. அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் பறித்தது என்று மூலையில் சீட்டு எழுதி, அந்தச் செடிக்கான உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். இயக்குநருக்கும் தகவல் சொன்னார். மறுவாரம் இயக்குநரும் பேராசிரியரும் வந்து அலமாரியைத் திறந்தால் தாளைக் காணவில்லை.

"பேராசிரியர் என்ன சொன்னார்?"

"அப்படி ஒரு தாளே கிடையாதுன்னார். பேருக்கு ஆசைப்பட்டு, பழைய ஓடைப் பெரணித் தாள்லேருந்து இலையைத் திருடிப் புதுச் சீட்டு ஒட்டியிருப்பா, பார்க்க வர்றாங்கன்னதும் கிழிச்சுப் போட்டிருப்பான்னு சொன்னார்." அவர் குரல் இறங்கியது. "இதே வராந்தாவுல நின்னு, எல்லாரும் கேட்கத் திருடின்னு சொன்னார்."

மூன்று மணிக்கு விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போவதுகூடப் பெரிதில்லை. பொய்ச் சீட்டு ஒட்டியவர் என்று பெயர் வாங்கினால், உலகத்தில் எந்த ஹெர்பேரியமும் அவரைத் தாளைத் தொட விடாது. அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

"பல் டாக்டர் சாட்சி சொல்ல மாட்டாரா?" என்றான் கொழுந்தன்.

"கேட்டேன். ஏதோ பச்சையா குடுத்தேன், பல்லுன்னா அடையாளம் சொல்லுவேன், இது இலைங்கறார்."

"போட்டோ?"

"மேல்பக்கம் எடுத்தேன். ஓடைப் பெரணியும் சுவர்ப் பெரணியும் மேலேருந்து பார்த்தா ஒண்ணுதான். அடிப்பக்கம் இருக்கற பழுப்புப் புள்ளியிலதான் வித்தியாசம். ஓடைப் பெரணியில புள்ளி மேல இருக்கற மூடி பாதி அவரை விதை மாதிரி இருக்கும். சுவர்ப் பெரணியில முழு வட்டம். அது தாள்ல தெரியும்படி ஒரு இலையைத் திருப்பித்தான் ஒட்டினேன்."

"அந்தத் தாளைத்தான் காணோம்" என்று முடித்தாள் அண்ணி. "வா தம்பி."

ஹெர்பேரியத்துக்குள் யார் வேண்டுமானாலும் பார்வையாளராகப் போகலாம். யாரும் போக ஆசைப்படுவதில்லை என்பது வேறு விஷயம். காவலாளி நோட்டை நீட்டினார். 'வந்த காரணம்' என்ற இடத்தில் கொழுந்தன் 'பெரணி மேல் தீராத ஆசை' என்று எழுதினான். காவலாளி அதைப் படித்துவிட்டு, அவன் பையை இரண்டு தடவை சோதித்தார்.

"எல்லார் பையையும் இப்படித்தான் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"இயக்குநர் பையைக்கூட விட மாட்டேன்மா."

உள்ளே ரசகற்பூர நெடி. கூரை வரை இரும்பு அலமாரிகள். செடிகளுக்கான பிணவறை என்று கொழுந்தன் முடிவு கட்டினான். காப்பாளர் வாசற்படிக்கு வெளியே, காலின் நுனி கோட்டைத் தாண்டாமல் நின்றுகொண்டார். பதினேழு வருஷம் நடந்த தரையை அவர் வெளியிலிருந்து பார்ப்பதை அவனும் பார்த்தான். கேலி செய்ய ஒன்றும் கிடைக்காமல் அலமாரிகளை வேடிக்கை பார்த்தான்.

"பேராசிரியர் அதை வெளிய கொண்டுபோயிருக்க முடியாது" என்றாள் அண்ணி. "தாள் இவ்வளவு பெருசு. மடிச்சா இலை தூளாயிடும். வாசல்ல இந்தக் காவலாளி வேற."

"கிழிச்சுத் தண்ணியில விட்டிருக்கலாம்."

"மாட்டார்" என்றார் வாசலிலிருந்து காப்பாளர். "எங்கள்ல யாராலயும் அது முடியாது. மனுஷனைக் கெடுத்தவனைக்கூட மன்னிப்போம். தாளைக் கிழிச்சவனை மன்னிக்க மாட்டோம்."

"எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கெல்லாம்" என்றான் கொழுந்தன். "சரி, கிழிக்கலை. வேற ஏதாவது செடியோட உறைக்குள்ள சொருகிட்டார். லட்சம் தாள் இருக்கு, யார் தேடப்போறா?"

"தப்பான உறையில வைக்கவும் கை வராது தம்பி. சின்ன வயசுலேருந்து பழகின கை."

கொழுந்தன் கையை விரித்தான். வெளியே போகவில்லை, கிழிக்கவில்லை, மாற்றி வைக்கவும் இல்லை. இதற்குப் பெயர் திருட்டு இல்லை, மந்திரவாதம்.

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. வேலை மேசையின் முன் குனிந்து நின்றாள். அழுத்துக்கட்டை, கத்தரிக்கோல், வெள்ளை நாடாச் சுருள் எல்லாம் வரிசை குலையாமல் இருந்தன. ஒரு பசைப் பாட்டில் மட்டும் மூடாமல் கிடந்தது. உள்ளே பிரஷ் நட்ட கம்பம் போல விறைத்து நின்றது. இழுத்தாள். பாட்டிலும் சேர்ந்து மேலே வந்தது.

"இது உங்க வேலையா?"

காப்பாளருக்கு முகமே சுருங்கிவிட்டது. "நான் பிரஷ்ஷைக் கழுவாம வீட்டுக்குப் போனதே கிடையாது. அன்னிக்குக் காலையில வந்து பார்த்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் அவங்க வந்து கத்தின கத்தல்ல மறந்துபோச்சு."

"முதல் நாள் சாயங்காலம் உங்களுக்கப்புறம் உள்ள வந்தது யாரு?"

"பேராசிரியர்கிட்ட தனிச் சாவி இருக்கு. ஆனா அவர் பசையைத் தொட்டே பார்த்ததில்லை. மத்தவங்கதான் ஒட்டிக் குடுப்பாங்க."

"அதான் கழுவத் தெரியலை" என்றாள் அண்ணி. பிறகு பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி நின்றால் தொந்தரவு செய்யக்கூடாது என்பது கொழுந்தனுக்குத் தெரியும். தெரிந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன அண்ணி, பாட்டில் ஏதாவது வாக்குமூலம் குடுக்குதா?"

"திருட வந்தவன் எடுத்துட்டுல்ல போகணும்? இவர் எதையோ ஒட்டிட்டுப் போயிருக்கார்." வாசல் பக்கம் திரும்பினாள். "இங்க செடியைத் தவிர வேற எதையெல்லாம் ஒட்டுவீங்க?"

"எங்க பறிச்சதுன்னு ஊர்ச் சீட்டு. உதிர்ந்த துண்டு போட ஒரு சின்ன உறை. அப்புறம் அபிப்பிராயச் சீட்டு."

"அது என்ன?"

"ஒரு தாளைப் பார்க்கற அறிஞருக்கு, இது அந்தச் செடியில்லை, வேறன்னு தோணினா, பழைய சீட்டை அழிக்கக்கூடாது. பக்கத்துல தன்னோட சீட்டை ஒட்டணும். அவர் சொல்ற பேர், கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கணும். அப்புறம் தாளை அந்தப் புதுப் பேரோட அலமாரிக்கு மாத்தி..." காப்பாளர் நிறுத்திக்கொண்டார். கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"மாத்தி வைக்கணும். அதுதானே விதி?" என்றாள் அண்ணி. "தப்பான உறையில வைக்க அவருக்குக் கை வரலை. அதனால உறை சரியாகற மாதிரி செடியோட பேரை மாத்திட்டார். யாரும் பார்க்கலைன்னா ரகசியம். பார்த்துட்டா அபிப்பிராயம். இதுல திருட்டு எங்க இருக்கு?"

கொழுந்தன் விசில் அடிக்கப் போய், ரசகற்பூர நெடியில் இருமினான். "படிச்சவன் திருடினா எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

என்ன பெயரை வைத்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருப்பது சுவர்ப் பெரணிதான். அதற்கு மட்டும் நான்கு அலமாரி என்று காப்பாளர் கையை நீட்டிக் காட்டினார். கடிகாரம் இரண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கொழுந்தன் முதல் அலமாரியைத் திறந்து, ஒரு கட்டுத் தாளை எடுத்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தான். ஐந்தாவது தாளிலேயே அலுத்துப்போய்க் கட்டின் பக்கவாட்டை வெறித்தான்.

"எல்லாம் எங்க அண்ணன் பனியன் கலர்ல இருக்கு."

"உங்க அண்ணன் பனியனை நான் தினமும் பார்க்கறேன். வேலையைப் பாரு."

"இல்ல அண்ணி, நிஜமாத்தான். விளிம்பைப் பாருங்க, எல்லாமே பழுப்பு. ஏன் ஒண்ணுகூடப் புதுசா இல்லை?"

காப்பாளர்தான் பதில் சொன்னார். "சுவர்ப் பெரணியை இப்போ யாரும் பறிச்சுட்டு வர்றதில்லை. எல்லாச் சுவத்துலயும் முளைக்குது, அதுக்கு எதுக்கு மெனக்கெடணும்னு விட்டுட்டாங்க. அந்த அலமாரிங்களுக்குப் புதுத் தாள் வந்தே பல வருஷமாச்சு."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அபூர்வமாக மரியாதை இருந்தது. "எழுந்திரு. தாளைப் புரட்ட வேண்டாம். கதவைத் திறந்து விளிம்பை மட்டும் பாரு."

இரண்டாவது அலமாரியில் பழுப்பு. மூன்றாவதிலும் பழுப்பு, மேலிருந்து கீழ் வரை. கடைசித் தட்டில் மட்டும், பழுப்புக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

அண்ணி உறையை உருவி மேசையில் விரித்தாள். புதுத் தாள். இலைகளில் ஒன்று திருப்பி ஒட்டப்பட்டிருந்தது. மூலையில் காப்பாளரின் அச்சுப் போன்ற எழுத்து. அதன் பக்கத்தில் கோணலாக, பசை வழிந்து காய்ந்த இன்னொரு சீட்டு. 'சுவர்ப் பெரணி' என்று பெரிதாக. கீழே வால் சுழற்றிய கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல ஏதோ பொடி எழுத்து. கொழுந்தன் குனிவதற்குள் அண்ணி படித்துவிட்டு உறையை மூடினாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"வாயை மூடிட்டு வந்தா சொல்றேன்."

தாளை வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். காப்பாளர் தொடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். "நான் பொய் சொல்லலை" என்றார், யாரும் அவரைக் கேட்காதபோதே. அப்புறம் அழுதார். இந்த வராந்தாவில் இத்தனை வருஷத்தில் ஓடைப் பெரணிக்காக யாரோ நிஜமாக அழுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று கொழுந்தன் நினைத்தான்.

மூன்று மணிக்கு, வராந்தாவை ஒட்டிய அறையில் விசாரணை தொடங்கியது. இயக்குநர் எதையும் முடிவு செய்யாமலே ஓய்வு பெற்றுவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவர். அவருக்கு இருபுறமும் தலையாட்டுவதற்காக இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் பேராசிரியர், துக்க வீட்டுக்கு வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"எங்க தரப்புல ஒரே ஒரு கேள்வி சார்" என்றாள் அண்ணி. "பேராசிரியர் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லையா?"

"இல்லாததை எப்படியம்மா பார்ப்பது?" என்றார் பேராசிரியர். பேசும்போதும் அவர் எழுதுவது போலத்தான் பேசுவார்.

அண்ணி தாளை மேசைமேல் வைத்தாள். இயக்குநர் குனிந்து, பேராசிரியரின் சீட்டைப் பார்த்து, நிமிர்ந்து, பேராசிரியரைப் பார்த்தார்.

பெரிய மனிதர்கள் விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவார்கள். பேராசிரியர் ஒரு நொடிதான் திணறினார். "ஓ, இதுவா. எத்தனையோ தாள் பார்க்கிறேன், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது? சாதாரண சுவர்ப் பெரணி. விதிப்படி மாற்றி வைத்தேன். இதைத்தான் இந்த அம்மா ஓடைப் பெரணி என்று நினைத்துக்கொண்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலயே அவங்க சீட்டுல ஓடைப் பெரணின்னு கொட்டை எழுத்துல இருக்கே சார்" என்றான் கொழுந்தன்.

"கண்ணாடி போட்டிருக்கவில்லை."

"கையெழுத்துப் போடும்போது மட்டும் போட்டிருந்தீங்களோ?"

பேராசிரியர் அவனை ஒரு களையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் திரும்பினார். குரலில் கருணை சொட்டியது. "திருட்டு இல்லை என்று தெரிந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. வெறும் அறியாமைதான். சுவரில் முளைக்கிற செடியைத் தெரியாதவரிடம் ஹெர்பேரியத்தைக் கொடுத்தது நம் தப்பு. ஸ்டோருக்கு மாற்றிவிடுங்கள், பாவம்."

இரண்டு உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். காப்பாளர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருடி என்ற பட்டம் போய் முட்டாள் என்ற பட்டம் வந்திருந்தது. இரண்டில் எது மேல் என்று கொழுந்தனால் சொல்ல முடியவில்லை. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கை பரபரத்தது.

அண்ணி மட்டும் பதறவில்லை. "உறுதியா சுவர்ப் பெரணிதானா சார்?"

"முதல் வருஷ மாணவன்கூடச் சொல்லுவான்."

"கொஞ்சமும் சந்தேகம் இல்லையே?"

"இத்தனை வருஷத்தில் எனக்குச் சந்தேகம் என்பதே வந்ததில்லை அம்மா."

"நல்லது" என்று தன் பூதக்கண்ணாடியை இயக்குநரிடம் நீட்டினாள். "அவர் கையெழுத்துக்குக் கீழ இருக்கறதையும் படிச்சுடுங்க சார். கொஞ்சம் பொடி எழுத்து."

இயக்குநர் படித்தார். முதலில் மனதுக்குள். பிறகு, வேறு வழியில்லாமல், உரக்க. "இப்படி இருக்கலாம். உறுதியில்லை. ஓடைப் பெரணியாகவும் இருக்கக்கூடும்."

பேராசிரியர் இருமினார்.

"ஓடைப் பெரணி உயிரோட இல்லாத வரைக்கும் இவருக்கு நினைவுச் சொற்பொழிவு இருக்கு" என்றாள் அண்ணி. "நாளைக்கே வேற யாராவது அதே ஓடையில கண்டுபிடிச்சுட்டா? இவர் நேரா அந்த அலமாரிக்குப் போய், பாருங்க, எனக்கு அப்பவே தோணுச்சு, தேதி போட்டு எழுதியிருக்கேன்னு காட்டலாம். அதுக்காகத்தான் இந்த ஒரு வரி. தப்பா எழுதி மாட்டிக்கவும் பயம், சரியா எழுதவும் மனசில்லை."

"செத்தாலும் இவருக்குத்தான் கைதட்டல், பிழைச்சாலும் இவருக்குத்தான்" என்றான் கொழுந்தன். "நடுவுல ஒரு அம்மாவுக்கு வேலை போச்சுன்னா அது விஞ்ஞானத்துக்குச் செஞ்ச தியாகம்."

காப்பாளர் அப்போதுதான் அசைந்தார். மேசைக்கு வந்து, திருப்பி ஒட்டிய இலையின் மேல், தாளில் படாமல் விரலை நீட்டினார். "புள்ளி மேல இருக்கற மூடியைப் பாருங்க சார். முழு வட்டமா, பாதியா?"

இயக்குநர் பார்த்தார். இரண்டு உறுப்பினர்களும் வரிசையில் வந்து பார்த்தார்கள். "பாதி" என்றார் ஒருவர். தலையாட்டுவதைத் தவிர வேறு எதையோ அவர் செய்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "ஏதோ நடந்தது நடந்துபோச்சு. இதை நமக்குள்ளேயே வச்சுக்கலாம். நீங்க நாளையிலேருந்து வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்கம்மா. உங்க சீட்டும் செல்லும். எல்லாருக்கும் நல்லதாப் போச்சு."

"எனக்கு இன்னும் நல்லதாப் போகலை சார்" என்றார் காப்பாளர். "என்னைத் திருடின்னு சொன்னது நமக்குள்ள இல்லை. வராந்தாவுல சொன்னார். இதையும் அங்கேயே சொல்லட்டும்."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

காப்பாளர் கதவைத் திறந்துவிட்டார். கதவில் காதை வைத்திருந்த ஹெர்பேரிய ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் சட்டென்று நிமிர்ந்து, காற்று வாங்குபவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். பேராசிரியர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். காப்பாற்ற ஆளில்லை என்று தெரிந்ததும் பேராசிரியர் எழுந்து, வாசல் வரைக்கும் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தவறு என்னுடையதாக இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம்னா என்ன அர்த்தம்?" என்றார் காப்பாளர். "உறுதியாச் சொல்லுங்க சார்."

பேராசிரியர் உறுதியாகச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் காதில் விழவில்லை என்றார்கள். இன்னொரு தடவை சொன்னார்.